ஹவாய்த் துறைமுகத்தில் நூற்றிருபது நாட்கள்

ஹவாய்த் தீவுகளுக்கு நாய் முதன்முதலில் வந்தது பாலினீசியரின் தோணிகளில். பன்றியையும் கோழியையும் போல நாயையும் அவர்கள் ஏற்றி வந்தனர். எவரும் அழைக்காமலேயே எலியும் உடன் வந்தது. தோணியை நிறுத்திச் சோதிக்க அன்று கரையில் யாருமில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1912-ஆம் ஆண்டில், அதே கரையில் நாய்க்கும் பூனைக்கும் ஒரு காவல் ஏற்பட்டது. வெறிநோய் தீவுக்குள் நுழையக் கூடாது என்பதே அதன் நோக்கம். வெளியிலிருந்து வரும் வளர்ப்பு நாயும் பூனையும் நூற்றிருபது நாட்கள் அரசின் கூண்டில் தனித்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் அங்கே அசையாமல் நின்றது.

ஏன் நூற்றிருபது? நோய்த் தடுப்புக் காவலுக்கு வழங்கும் 'குவாரன்டைன்' என்ற சொல் வெனிஸ் நகரத்தாரின் 'நாற்பது' என்பதிலிருந்து பிறந்தது என்பர். ஹவாயில் அது மும்மடங்காயிற்று. கொள்ளை நோயைவிட வெறிநோய் பொறுமைசாலி என்பதே காரணம். கடிபட்ட நாய் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், வாலை ஆட்டிக்கொண்டு நலமாகவே திரியும். அந்நிலையில் அதன் உடலுக்குள் நோய் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் சோதனை இல்லை. இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதி செய்கிறார்கள். ஆகவே உயிருள்ள நாயைப் பொறுத்தவரை காலம் ஒன்றே மருத்துவர், காலமே நீதிபதி. பிரித்தானியா ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னதும் இதே கணக்கில்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்றுண்டு. ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது 1898-இல். கலிபோர்னியாவிலிருந்து ஹொனலூலுவுக்குச் செல்பவர் தம் நாட்டின் எல்லையைத் தாண்டுவதில்லை. அவருடைய பெட்டிக்குச் சுங்கமும் இல்லை. அவருடைய நாய்க்கு மட்டும் எல்லை உண்டு. பேர்ல் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த படைவீரர் குடும்பங்கள் ஹலாவா பள்ளத்தாக்கின் தனிமை நிலையத்துக்குப் போய்க் கம்பிக்கு இப்பால் நின்று தம் செல்லப்பிராணியைப் பார்த்துத் திரும்பும் நிலை. குழந்தைகளுக்கு நான்கு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்பதை விதி எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

குழந்தைகளின் அழுகையால் அசையாத விதியைப் பார்வையற்றோரின் வழக்கு அசைத்தது. வழிகாட்டி நாயோடு வருபவருக்கு அந்த நாய் செல்லப்பிராணி மட்டுமன்று. அதுவே அவருடைய நடை. அதை நான்கு மாதம் பிரித்து வைப்பது அவரையே அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவர்கள் வழக்காடினர். தடுப்பூசியும் சான்றும் இருக்கையில் கூண்டு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கீழ் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 1996-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டி, மாற்று வழி நியாயமானதா என்பதை ஆராய்ந்தே ஆகவேண்டும் என்று திருப்பி அனுப்பியது. இன்று வழிகாட்டி நாய்கள் உரிய சான்றுகளோடு கூண்டில்லாமலே உள்ளே செல்லலாம்.

மற்ற நாய்களுக்கும் கதவு மெல்லத் திறந்தது. 1997-இல் முப்பது நாள் ஏற்பாடு. 2003-இல் 'ஐந்து நாள் அல்லது அதற்கும் குறைவு' என்ற திட்டம். காலத்தின் இடத்தில் இரத்தம் சாட்சியாக அமர்ந்தது. தோலுக்கடியில் மின்னணுச் சில்லு, முப்பது நாட்களேனும் இடைவெளி விட்ட இரண்டு தடுப்பூசிகள், இரத்த நீரில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பாற்றல். இச்சோதனை நோயைத் தேடுவதில்லை. தடுப்பூசி பலித்ததா என்று மட்டுமே பார்க்கிறது. அதன்பின் காத்திருக்க வேண்டிய நூற்றிருபது நாட்களை நாய் தன் சொந்த வீட்டிலேயே கழிக்கலாம் என்றாயிற்று. 2018-இல் அதுவும் முப்பதாகக் குறைந்தது. எல்லாம் சரியாயிருந்தால் விமான நிலையத்தில் சில்லைப் படித்து, உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, அன்றே அனுப்பிவிடுகிறார்கள். தாள் ஒன்று குறைந்தால் ஹலாவா.

இத்தனை பிடிவாதம் தேவையா என்று கேட்பவர்கள் இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவை ஒருமுறை நோக்க வேண்டும். 1997-இல் சுலவேசிப் பக்கத்து பூட்டோன் தீவிலிருந்து மூன்று நாய்கள் படகில் வந்து லாரன்துகா துறைமுகத்தில் இறங்கின. அதுவரை வெறிநோய் அறியாத தீவு அது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் மாண்டனர். நோயைத் தடுக்கும் பெயரில் இலட்சக்கணக்கான நாய்கள் கொல்லப்பட்டன. 2008-இல் பாலித் தீவிலும் அதே கதை. நோய் உள்ளுறைந்த ஒரு நாய் வேற்றுத் தீவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் கருத்து. அங்கும் இறந்தோர் நூறைத் தாண்டினர். நம் நாட்டில் வெறிநோய் இல்லாத பகுதிகளாகச் சொல்லப்படுபவை அந்தமான் நிக்கோபாரும் இலட்சத்தீவும். இரண்டும் தீவுகளே என்பது தற்செயலன்று.

ஹவாய்க்கு இன்னோர் அச்சமும் உண்டு. அதன் வேர் நம் மண்ணில் இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து 1872-இல் ஜமைக்காவுக்குக் கரும்புத் தோட்ட எலிகளைத் தின்னக் கீரிகள் கொண்டு செல்லப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களை 1883-இல் ஹவாயின் கரும்பு முதலாளிகள் தருவித்தனர். கீரி பகலில் திரிவது, எலி இரவில் திரிவது. தரையில் கூடு கட்டிய பறவைகளே இரையாயின. இதே கீரிதான் இன்று புவேர்ட்டோ ரிக்கோவில் வெறிநோயைத் தாங்கி நிற்கிறது. ஹவாயில் ஒரு நாயிடமிருந்து நோய் கீரிக்குத் தாவினால், காட்டுக்குள் போய் எத்தனை கீரிக்கு ஊசி போடுவது? குடியானவரின் நாயை நான்கு மாதம் பூட்டியவர்களின் முன்னோர் தோட்டக்காரரின் கீரியை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை என்பது நமக்கு உறுத்துகிறது.

1991-இல் ஹொனலூலு துறைமுகத்தின் சரக்குப் பெட்டி ஒன்றில் வௌவால் அகப்பட்டது. சோதித்ததில் அதற்கு வெறிநோய். அதை எந்தக் கூண்டுக்கும் அனுப்பும் விதி எழுதப்பட்டிருக்கவில்லை. காவாயித் தீவில் மட்டும் கீரி குடியேறாமல் போனதற்கு ஒரு வாய்மொழிக் கதை சொல்வார்கள்: கூண்டு இறங்கிய அன்று கை கடிபட்ட துறைமுகத் தொழிலாளி ஒருவர் அதை அப்படியே கடலில் தள்ளிவிட்டாராம். 2012-இல் அந்தத் தீவிலும் இரண்டு கீரிகள் உயிருடன் பிடிபட்டன.