டிரைப்பின் 19 அடிப் படம்

மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிகளை ஃபோனில் பனோரமா எடுத்துப் பாருங்கள். நேரான படி வில் மாதிரி வளையும். நின்ற இடத்திலேயே நாம் திரும்புவதால், பக்கத்தில் இருக்கும் நடுப்பகுதி பெரிதாகவும் தள்ளி இருக்கும் ஓரங்கள் சிறிதாகவும் விழுகின்றன.

1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னியஸ் டிரைப் இந்தச் சிக்கலுக்கு இடமே கொடுக்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை எடுக்க, கேமராவைத் திருப்பாமல் சுவருக்கு இணையாக நகர்த்திக்கொண்டே போனார். 21 அச்சுகளை ஒட்டியதும் நீளம் கிட்டத்தட்ட 19 அடி!

அழகு பார்க்கத் தெரியாத ஆள் இல்லை அவர். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும் என்பதால், நெகட்டிவிலேயே மேகம் தீட்டியவர். (போட்டோஷாப்பைத் திட்டுபவர்கள் கவனிக்கவும்.) ஆனால் இந்தப் படத்தில் வானம் இல்லை, ஆழம் இல்லை, கண் போய் நிற்க ஒரு மையம்கூட இல்லை. அதுதான் சரி என்பேன். கோயிலைக் கட்டியது கரிகாலன், காடுவெட்டிச் சோழன் என்று ஆளுக்கொரு கதை ஓடிய காலம் அது. எந்த வரி முக்கியம் என்று யாருக்குத் தெரியும்? எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு இடம்.

ஆளுநர் ட்ரெவெலியனுக்கு இதெல்லாம் வீண் செலவாகப் பட, 1860-இல் டிரைப்பின் வேலை நின்றது. ஹுல்ட்ஸ் கல்வெட்டுகளைப் படித்து ராஜராஜன் பெயரைச் சொன்னது 1886-இல்தான்.