சோழவரமும் ஒரு மாருதி எஞ்சினும்

இங்கே அமெரிக்காவில் கராஜில் ஹாட் ராட் கட்டுகிறவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில், பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றிவிட்டு வேகம் பார்த்ததில் வளர்ந்த பைத்தியம் அது. நம்மூரிலும் இதே கதைதாங்க! சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பட்டறையில் மாற்றிக் கட்டிய ஹெரால்டும் ஃபியட்டும் சீறின.

அங்கே ஓட்டிய கோவை கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அந்தக் காரில் பழகிய கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர்.

கிரீஸ் பட்ட கை படிக்காதவன் கை என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறோம். பசங்களுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.