இறக்கத்தில் நிறுத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. வேன், லொறி, கார் வைத்திருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

வலப்பனையிலிருந்து இராகலை வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். சமதரையில் இடம் இருந்தாலும் பழைய வண்டிகளை மூக்கு கீழே பார்க்க இறக்கத்தில்தான் நிறுத்துவார்கள். சில்லுக்கு ஒரு கல். காலையில் கல்லை எடுத்து, உருள விட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகிவிட்டதால், ஏன் சாவிக்கு ஸ்டார்ட் ஆகவில்லை என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அது சரியான பழக்கம்தான்.

நம் பகுதிக்கு லொறிக்கு முன்பே ரயில் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது. 1904இல் அது இராகலையைத் தொட்டது. தேயிலை கீழே போனது, அரிசியும் உரமும் மேலே வந்தன. பிறகு வீதியில் லொறியும் பஸ்ஸும் பெருக, ரயிலுக்கு வேலை குறைந்து 1940களில் பாதையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து தேயிலைப் பெட்டி முதல் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய் வரை எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை, வீதியில் ஓடும் வண்டிதான். அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் வேறு வழியில்லை.

அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். தீப்பொறி முந்தி விழுந்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடைந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்லிக்கொடுத்தது அதனால்தான்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற பொறியியலாளர் இதற்கு வழி கண்டார். 1912இல் கடிலாக் காரில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் அவர் கடைகளில் காசு வாங்கும் இயந்திரத்துக்கு மோட்டர் செய்தவர். காரைச் சுற்ற மிகப் பெரிய மோட்டர் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கெட்டரிங் யோசித்தது வேறு மாதிரி. இந்த மோட்டர் நாள் முழுக்க ஓடப் போவதில்லை, சில விநாடிதான். அதனால் சின்ன மோட்டருக்கு அளவுக்கு மேல் மின்சாரம் கொடுத்து அந்தச் சில விநாடிக்கு வேலை வாங்கலாம்.

இன்றும் நம் வண்டியில் இருக்கும் செல்ப் மோட்டர் அந்தக் கணக்கில் செய்ததுதான். பிடிக்கவில்லை என்று அரை நிமிடம் சாவியைத் திருப்பியே வைத்திருந்தால் பெட்டரியும் போகும், செல்ப்பும் சூடாகிப் பழுதாகும். பத்து விநாடிக்கு மேல் போகாமல், இடையில் ஆற விட்டுத்தான் மறுபடி திருப்ப வேண்டும்.

சரி, செல்ப் வந்த பிறகும் நாம் ஏன் இறக்கத்தை விடவில்லை? இரண்டு காரணம்.

முதலாவது, பழைய டீசல் லொறி. அதில் எண்ணெயை அழுத்திப் பாய்ச்சும் பம்ப் என்ஜினின் பல்சக்கரத்தாலேயே ஓடும். தீப்பொறியும் தேவையில்லை. என்ஜினைச் சுற்றிவிட மட்டும் ஒரு பலம் வேண்டும். அதை மலை இலவசமாகக் கொடுத்தது. பெட்டரி செத்தாலும் லொறி ஓடியது.

இரண்டாவது, தட்டுப்பாடு. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய வண்டியும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் எல்லாம் வருடக் கணக்கில் ஓடியாக வேண்டும். பெட்டரி வாங்க முடியாதவனுக்கு இறக்கம்தான் பெட்டரி. ஆனால் அதே காலத்தில்தான் நல்ல பாஸ்மாரும் உருவானார்கள். மாற்றிப் போடப் பொருள் இல்லாததால், எது பழுது என்று சரியாகக் கண்டுபிடித்தே ஆக வேண்டிய நிலை.

இப்போது வண்டி மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. இன்றைய பெற்றோல் வண்டியில் எண்ணெய் பம்ப், கொயில், கம்ப்யூட்டர் எல்லாமே மின்சாரத்தில்தான் வேலை செய்யும். பெட்டரி முழுக்கச் செத்தால் எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காது. ஓட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது. இன்னொன்று, என்ஜின் ஓடாத வண்டியை நம் வளைவுகளில் உருட்டும்போது பிரேக்கின் உதவி இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். வளைவுக்குக் கீழே லயமும் வீடும் இருக்கின்றன.

தள்ளாதவர்கள் செய்யும் அடுத்த வேலை, உடனே புதுப் பெட்டரி வாங்குவது. சார்ஜ் பண்ணும் அல்டர்னேட்டர் பழுதாக இருந்தால் புதுப் பெட்டரியும் சில நாளில் இறங்கிவிடும். அப்போது கடைக்காரரைத் திட்டுவோம். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளைச் சுத்தம் செய்து இறுக்கியிருந்தாலே சரியாகியிருக்கும் வண்டிகளும் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் மங்கி அணைந்தால் பெட்டரி அல்லது டெர்மினல். லைட் பளிச்சென்று இருந்து 'டக்' என்று மட்டும் கேட்டால் செல்ப் பக்கம். என்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்டரியை விட்டுவிடுங்கள். பெற்றோல் வண்டியில் எண்ணெயையும் தீப்பொறியையும், டீசல் வண்டியில் எண்ணெயில் காற்றுப் புகுந்திருக்கிறதா, ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். நம் குளிருக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். குளிரில் என்ஜின் ஒயில் தடிக்கும், பெட்டரியின் பலமும் குறையும். பகலில் நன்றாக இருக்கும் வண்டி விடியற்காலையில் மக்கர் பண்ணுவது அதனால்தான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க நின்ற வண்டியின் பெட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்படி ஏறாவிட்டால் பிழை பெட்டரியில் இல்லை, சார்ஜில்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இன்றைய விலையில் நம்மில் பெரும்பாலானவர்கள் புதிதாக வாங்கப் போவதில்லை. 70களைப் போலவே, இருப்பதை வைத்து இன்னும் பல வருடம் ஓட வேண்டும்.

தோட்டத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், அம்பியுலன்ஸ் ஏறி வரும் வரை காத்திருக்க முடியாத இடங்கள் நம் பிரதேசத்தில் நிறைய உண்டு. அங்கே பக்கத்து லயத்து வேன்தான் அம்பியுலன்ஸ். அது சாவிக்கு ஸ்டார்ட் ஆக வேண்டும். அந்த நேரத்தில் தள்ள ஆள் தேட முடியாது.

ஆகவே வண்டி வைத்திருக்கும் தம்பிமார், அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தள்ளி ஸ்டார்ட் பண்ணினால், அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கராஜில் "எதை மாற்றினீர்கள்" என்பதோடு "எதை வைத்து இதுதான் பழுது என்று முடிவெடுத்தீர்கள்" என்றும் கேளுங்கள். நல்ல பாஸ் அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

உங்கள் வாப்பா, அப்பா, தாத்தா யாராவது அந்தக் காலத்தில் லொறியோ பஸ்ஸோ ஓட்டியிருந்தால், அவர்கள் பழுது பார்த்த விதத்தைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும்.