எறிபலகையும் வளரியும்

சென்ற சித்திரையில் எங்கள் களியக்காவிளை வீட்டுத் திண்ணைச் சுவரில் டார்ட் பலகை ஒன்றை மாட்டினோம். பெங்களூரில் பணிபுரியும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது என் மகனுக்காக வாங்கி வந்தது. தமிழாசிரியன் வீட்டில் இதற்கென்ன வேலை என்று நான் முகம் சுளித்தது உண்மை.

மாட்டுவதற்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர், சுவரிலிருந்து அளந்தால் பலகையின் கனத்தளவு பிழை வரும். 20 என்ற எண் நேர் உச்சியில். அதற்கு இருபுறமும் 1, 5 என்று அற்ப எண்களை வைத்திருக்கிறார்கள். பேராசைப்பட்டுக் கை சற்றே பிசகினால் தண்டனை பக்கத்திலேயே காத்திருக்கிறது. துளையிட வந்த ஆசாரி, "சாரே, குறி தப்பினா சொவரு சல்லடையாப் போவுமே" என்றார். அவர் சொன்னபடியே பின்னால் தடித்த தும்புப் பாயொன்றைத் தொங்கவிட்டோம்.

பலகையும் நார்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கதம்பை ஊறும் மணத்தில் வளர்ந்தவனுக்கு நாரைத் தெரியாமல் போகுமா? இது தென்னையன்று, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சிசால் என்னும் கற்றாழையின் நார். குறுகத் தறித்து, நுனிகள் நம்மை நோக்கியிருக்குமாறு நெருக்கி இறுக்கியிருக்கிறார்கள். கூர்முனை நாரைத் துளைப்பதில்லை, விலக்கிக்கொண்டு நுழைகிறது. பிடுங்கியதும் நார் மூடிக்கொள்கிறது. 1930களில் இங்கிலாந்தில் வந்த மாற்றம் இது. முன்பு மரப்பலகைதான், வெடிக்காமலும் காயம் ஆறவும் இரவில் நீரில் ஊறப்போடுவார்களாம்.

"வெள்ளைக்காரன் விளையாட்டுதானே அப்பா, நம்மாளுக எதையாவது எறிஞ்சாங்களா?" என்று மகன் கேட்டான். வளரியைச் சொன்னேன். சிவகங்கைச் சீமையில் வழங்கிய, பிறை போல் வளைந்த எறிபடை. வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. அதன் ஆற்றலுக்குக் கண்கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார், அவரும் வெள்ளைக்காரரே.

ஜேம்ஸ் வெல்ஷ் கம்பெனிப் படையின் அதிகாரி. 1830இல் லண்டனில் வெளியான தம் படைவாழ்க்கை நினைவுநூலில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதுகிறார். 1795ஆம் ஆண்டை ஒட்டிய நட்பு அது. தேர்ந்த கையிலிருந்து புறப்பட்டால் வளரி நூறு கஜத்துக்குள் எத்தொலைவிலும் குறி தவறாது என்பது அவர் கூற்று.

ஆறு ஆண்டுகளில் ஆசானை வேட்டையாடிய படையில் மாணவரும் இருந்தார். தொடையில் காயம்பட்டுப் பிடிபட்ட சின்ன மருது 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மறு ஆண்டு மருதுவின் மகன் துரைசாமி பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டான். 1818இல் அவனை வெல்ஷ் அங்கே சந்திக்கிறார். இளமையிலேயே மூப்படைந்து, அடையாளமே தெரியாத தோற்றத்தில்.

வெல்ஷ் வருந்தித்தான் எழுதுகிறார். அவ்வருத்தம் பொய்யென்று நான் கருதவில்லை. ஆனால் பணியை அவர் விடவில்லை. எங்கள் மாவட்டத்துக்கும் வந்தார். 1809 பிப்ரவரி 10 அன்று, வேலுத்தம்பி தளவாயின் வீரர்கள் காத்துநின்ற ஆரல்வாய்மொழிக் கோட்டைவரிசையை, இரவெல்லாம் தெற்குக் குன்றில் ஏறி விடியலில் கைப்பற்றிய படைக்குத் தலைமை தாங்கியவர் இதே வெல்ஷ்தான். கிழக்கு வாசல் திறந்ததும் நாஞ்சில் நாடு கம்பெனியிடம் வீழ்ந்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி சில வாரங்களில் மண்ணடியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தளவாயைப் பாடமாக நடத்தும் நாங்கள், அந்தக் குன்றேறியவருக்கு எறியக் கற்பித்தவர் யார் என்று மாணவர்களிடம் சொல்வதில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. மருது தம் கைத்திறனைப் பற்றி நூல் எழுதிவைக்கவில்லை. அந்த நூறு கஜத்தை, அவரை ஒழித்த தரப்பின் ஏட்டிலிருந்தே நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகன் முழுவதும் கேட்டுவிட்டு, "சொல்லிக்குடுத்தவரைப் பிடிக்கவா போனாரு?" என்றான். ஆமாம் என்றேன். சிறிது நேரம் அம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், எறியவில்லை.

அவன் பள்ளிக்குப் போய்விட்டான். கல்லூரி விட்டு வந்ததும் இப்போது நான்தான் பத்துமுறை எறிகிறேன். 2.37 மீட்டர் தொலைவில் பாதிக்குமேல் தும்புப் பாயில் தைக்கின்றன. நூறு கஜம் என்றால் எங்கள் வாசலிலிருந்து பெருவழி வரை.