அம்மைப்பாலும் இந்திய வெயிலும்

காலனிய இந்தியாவின் தடுப்பூசித் துறை ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து படிப்போர் ஒரு விளக்கத்தைத் திரும்பத் திரும்பக் காண்பர். பெரியம்மைத் தடுப்பு எதிர்பார்த்த பலனைத் தராதபோதெல்லாம் மக்களின் அறியாமையும் சாதிக் கட்டுப்பாடும் சீதளாதேவி வழிபாடும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. குழந்தையின் கையில் கீறி ஏற்றப்பட்ட அந்த மருந்து அன்று உயிருடன் இருந்ததா என்ற கேள்வி அவ்வளவு அழுத்தமாக எழுப்பப்படுவதில்லை. மருந்தியல் மாணவர்கள் திரவ, அரைத்திண்ம மருந்துகளின் நிலைப்புத்தன்மை என்று ஒரு பாடம் படிக்கின்றனர். அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மைப்பாலின் வரலாற்றை வாசித்தால் படம் வேறாகத் தெரிகிறது.

தடுப்பூசிக்கு முன்பே வங்காளத்தில் 'டீகா' என்னும் அம்மை குத்தும் முறை வழக்கிலிருந்தது. 1767-இல் அதை விவரித்த ஹால்வெல், முந்தைய ஆண்டு எடுத்த அம்மைப்பொருளைப் பஞ்சில் உலர்த்திச் சேமித்து, சில துளி கங்கை நீரால் நனைத்துப் பயன்படுத்தியதாகக் குறிப்பிடுகிறார். உயிருள்ள பெரியம்மையையே உடலில் ஏற்றும் அம்முறை ஆபத்தானது. பிறருக்கு நோயைப் பரப்பவும் கூடியது. ஆயினும் அதன் சேமிப்பு முறை ஓர் உண்மையை உணர்ந்திருந்தது: உலர்ந்த பொருள் ஓராண்டு தாங்கும்.

ஜென்னரின் முறை 1798-இல் அச்சேறியது. அதன் மூலப்பொருளான பசு அம்மை நிணநீர் கடல்வழி நெடும்பயணத்தைத் தாங்கவில்லை. வியன்னாவில் இருந்த மருத்துவர் ழான் தெ காரோ அதைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே அடைத்து, மெழுகால் மூடி, பாக்தாதுக்கு அனுப்பினார். அங்கிருந்து பஸ்ரா வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி பலித்தது. அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைகளுக்கு அது சென்றது. திரவத்தைப் பாதுகாக்க வழியில்லாத காலத்தில் குழந்தைகளின் உடலே மருந்துக் கலமாயிற்று. ஏறத்தாழ எட்டாம் நாளில் நிணநீரை எடுத்து அடுத்த கைக்கு மாற்ற வேண்டும். அடுத்த கை கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். குழந்தையின் கொப்புளத்தைக் கீறப் பெற்றோர் மறுத்ததையும், பிற சாதியினரின் நிணநீரை ஏற்கத் தயங்கியதையும் அறிக்கைகள் 'எதிர்ப்பு' என்று எழுதின. அந்த எதிர்ப்பில் ஒரு பகுதியையேனும் மருந்தின் நிலையாமையே தோற்றுவித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுக்குட்டிகளின் தோலில் நிணநீர் வளர்க்கும் முறை பரவியது. 1891-இல் இலண்டனில் மங்க்டன் கோப்மன் கிளிசரினின் பயனை எடுத்துரைத்தார். நிணநீர்க் கூழைக் கிளிசரினுடன் அரைத்துக் குளிரில் சில வாரங்கள் வைத்தால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் மடியும், வைரஸ் எஞ்சும். ஐரோப்பாவின் குளிரில் இது சிறந்த தீர்வாக இருந்தது. இந்திய வெயிலில் அதே கிளிசரின் வைரஸையும் விரைந்து அழித்தது. குளிர்ப்பதனம் இல்லாத கிராமத்தில் திரவ அம்மைப்பாலின் ஆயுள் சில நாள்களே.

இச்சிக்கலுக்கு இந்தியாவிலேயே ஒரு விடை தேடப்பட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய டபிள்யூ. ஜி. கிங், நிணநீர்க் கூழை லேனோலினுடன் கலந்து பசையாக்கினார். கிண்டியிலுள்ள நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. லேனோலின் ஆட்டு உரோமத்திலிருந்து கிடைக்கும் கொழுப்பு; நீரைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும், காற்றை அண்டவிடாது. எனினும் களிம்புகளுக்கே உரிய குறைகள் அதற்கும் இருந்தன. கோடையில் அது இளகும். கூழ் எங்கும் ஒரே அளவில் பரவியிருக்கும் என்ற உறுதியில்லை. கிளிசரினைப் போல் பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றலும் அதற்கில்லை. திரவம் தூய்மையைத் தந்தது, ஆயுளைத் தரவில்லை. பசை ஆயுளைச் சற்றே நீட்டியது, தூய்மைக்குப் பொறுப்பேற்கவில்லை.

ஆகவே நிர்வாகம் காலத்தைச் சுருக்கிக்கொண்டது. சமவெளிகளில் தடுப்பூசிப் பருவம் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை என்றாயிற்று. வங்காளத்தில் 'வசந்த நோய்' எனப்பட்ட பெரியம்மையோ வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலுமே உச்சமடைந்தது. நோய் ஓங்கும் வேளையில் மருந்து ஓய்ந்தது. கெட்டுப்போன மருந்து குத்தப்பட்ட குழந்தை ஏட்டில் 'தடுப்பூசி பெற்றவர்' ஆயிற்று. பின்னர் அதற்கு அம்மை கண்டபோது ஊராரின் அவநம்பிக்கைக்குக் கண்ணெதிரே சான்று கிடைத்தது.

1962-இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கிய ஆண்டுகளிலும் உள்நாட்டு உற்பத்தியில் திரவ மருந்தே மிகுதி. 1950-களில் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி காலியர் பெப்டோன் சேர்த்து உறைநிலையில் உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். அத்தகைய தூள் 37 பாகை செல்சியஸில் ஒரு மாதம் வீரியம் குன்றாதிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சோவியத் ஒன்றியம் இவ்வகை மருந்தைப் பெருமளவில் நன்கொடையாக அளித்தது. கிண்டி, பட்வாடாங்கர், ஹைதராபாத், பெல்காம் ஆகிய இடங்களிலும் உற்பத்தி வளர்ந்தது. நீரில் கரைத்தவுடன் அது மீண்டும் பழைய திரவத்தின் பலவீனத்துக்கே திரும்பும் என்பதால், கரைத்த மருந்தில் எஞ்சியதை அன்றே கொட்டிவிட வேண்டும். 1974-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேருக்குப் பெரியம்மை கண்டது. 1975 மே மாதத்துடன் அது நின்றது. நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து சுற்றியுள்ளோரைக் காக்கும் உத்தியே வெற்றிக்கு முதன்மைக் காரணம். வெயிலில் நடந்து சென்ற பணியாளரின் பையில் உயிருள்ள மருந்து இருந்ததால்தான் அந்த உத்தி பலித்தது.

டேவிட் அர்னால்டு காலனிய மருத்துவத்துக்கும் இந்திய உடலுக்கும் இடையிலான அதிகாரப் போராட்டத்தைக் காட்டினார். சஞ்சய் பட்டாச்சார்யாவும் உடன் ஆய்ந்தோரும் தடுப்பூசித் தொழில்நுட்பத்தின் குறைகளையும் நிர்வாகப் பிளவுகளையும் முன்வைத்தனர். ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் இளம் ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 'மக்கள் மறுத்தனர்' என்ற வரி கண்ணில் பட்டால், அதே ஆண்டின் அம்மைப்பால் கிடங்கு அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். அந்த ஊருக்கு எந்த மாதத்தில், எந்த வடிவில், எத்தனை நாள் பயணத்துக்குப் பின் மருந்து சென்றது என்று தெரிந்த பிறகே, மறுத்தவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதலாம்.