குன்னத்துக் கதைக்காரர் மகன்

அரியலூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிமென்ட். கொஞ்சம் வயதானவர் என்றால் 1956 ரயில் விபத்து. பெரம்பலூருக்கு அதுவும் இல்லை. சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற ஊர்! (1995-ல் பெரம்பலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2001-ல் அரியலூரைப் பிரித்தார்கள், 2002-ல் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். பாகப்பிரிவினை வழக்கு தோற்றது போங்கள்!)

1860-களில், இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு குடும்பம் பிழைப்புக்காக ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டிருந்தது. அப்பா பெயர் வேங்கடசுப்பையர். உடையார்பாளையம் ஜமீன் வித்வான் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். கொஞ்ச காலம் அரியலூரில் இருந்தார். பிறகு குன்னம் மாதிரி கிராமங்களுக்குப் போனார். தொழில்? ராமாயணம் சொல்வது!

கம்பர் பாடியது பத்தாயிரத்துக்கும் அதிகமான பாட்டு. அதைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் பெரிய விஷயம். அதனால் வேங்கடசுப்பையர் கையில் எடுத்தது அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகளை. பாட வேண்டியது, நடுநடுவே பேச்சுத் தமிழில் கதையை விளக்க வேண்டியது. கடைசி நாள் பட்டாபிஷேகம். அன்றைக்கு ஊர்க்காரர்கள் மனசு வைத்துக் கொடுப்பதுதான் சம்பளம். அயோத்தியில் ராமர் முடி சூடினால்தான் குன்னத்தில் ஒரு குடும்பத்துக்கு மூச்சு வரும்!

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த பையன்தான் சாமிநாதன். நாம் 'தமிழ்த் தாத்தா' என்று கொண்டாடுகிற உ.வே.சாமிநாதையர்.

பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, பெரம்பலூர்ப் பக்கத்து செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆள் ஆளாகத் தேடிப் பிடித்துப் படித்தார். 1871-ல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். சரி, வாழ்க்கையில் செட்டிலாகியாச்சு என்று நினைத்த நேரத்தில், மறுபடி குறுக்கே வந்தது அரியலூர்.

அங்கே முன்சீபாக இருந்த சேலம் ராமசாமி முதலியார், கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தார். மரியாதைக்காகப் பார்க்கப் போனார் ஐயர். 'என்னென்ன படித்திருக்கிறீர்கள்?' அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை என்று ஒப்பித்தார். முன்சீப் முகத்தில் சலனமே இல்லை. சீவகசிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் பார்த்ததுகூட இல்லை. அன்றைய தேதி 1880 அக்டோபர் 21.

அதற்குப் பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடி அவர் அலைந்த கதை நமக்கு மனப்பாடம். நான் சொல்ல வருவது வேறு.

சிந்தாமணியைக் கையில் எடுத்தவருக்கு முதல் அடி, கதையே தெரியவில்லை. ராமாயணம் என்றால் குன்னத்துக் குழந்தைக்கும் தெரியும். சீவகன் யார்? கட்டியங்காரன் என்கிற மந்திரி எதற்காக ராஜாவைக் கொன்றான்? நிறைமாத கர்ப்பிணியான ராணி மயில்பொறியில் ஏறிப் பறந்து, சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாளே, அது என்ன கணக்கு? நச்சினார்க்கினியர் உரையைப் பிரித்தால், பாட்டே தேவலை!

பதில் கும்பகோணத்திலேயே இருந்தது. ஜைனர் வீடு ஒன்றில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். என்ன விசேஷம்? மாதக்கணக்கில் சிந்தாமணி படித்து, அன்றைக்கு நிறைவு! பண்டிதர்களுக்குத் தெரியாத காவியம், சில ஜைனக் குடும்பங்களில் உயிரோடு இருந்தது. காரணம், அவர்கள் அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தோரணத்தைப் பார்த்தவருக்கு, குன்னத்துப் பட்டாபிஷேகம் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் அவர் அடுத்துச் செய்ததைப் பாருங்கள்.

1887-ல் சிந்தாமணி அச்சாகி வந்தது. (செலவுக்கு, முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கியிருந்தார். பி.காம். படித்த நான் சல்யூட் அடிக்கும் இடம் இது!) மூலம், உரையோடு சீவகனின் கதையை உரைநடையில் சுருக்கியும் சேர்த்தார். 1898-ல் மணிமேகலை. அது எந்தச் சமயத்து நூல் என்பதே முதலில் பிடிபடவில்லை. அதே கல்லூரியின் ரங்காசாரியார்தான் 'இது பௌத்தம்' என்று வழிகாட்டினார். உடனே ஐயர் என்ன செய்தார்? மணிமேகலை கதைச் சுருக்கத்தோடு, புத்தரின் சரித்திரம், பௌத்த தர்மம், பௌத்த சங்கம் பற்றியும் வசனத்தில் எழுதிச் சேர்த்தார். 1924-ல் பெருங்கதை வந்தபோதும் உதயணன் கதையை இப்படியே சுருக்கிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் ராஜாஜி எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' வீடு வீடாகப் போனது, 1958-ல் சாகித்ய அகாடமி பரிசும் வாங்கியது. அதன் எளிமைக்கு நான் அடிமை. ஆனால் ராஜாஜிக்கு ஒரு சௌகரியம், ராமரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை! ஐயர் எடுத்துச் சொன்னது, ஊரே மறந்துபோன கதைகளை. இதே ஐம்பெருங்காப்பிய வரிசையில் இருந்த வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. சில பாட்டுகள் தங்கின, அவ்வளவுதான்.

1940-ல், 85 வயதை நெருங்கும்போது, ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுத ஆரம்பித்தார். வாராவாரம், சடகோபையங்காரும் செங்கணத்து ரெட்டியாரும் அப்பாவின் ராமாயணமுமாக, அந்த வறண்ட பூமியின் மனிதர்கள் பத்திரிகை வாசகர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அவசரமே படவில்லை அவர். 1942 ஏப்ரல் 28-ல் மறைந்தபோது, கதை 1890-களின் கடைசியில்தான் நின்றுகொண்டிருந்தது.