மூத்தவளுக்குச் சான்றிதழ் இல்லை

எனக்கு ஜூன் மாதத்தில் பிறந்த நாள். என் வயதுக்காரர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். பள்ளியில் சேர்க்கப் போனபோது, கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டேன். ஐந்து வயது என்று எழுதிக்கொண்டார். என் அக்காவுக்கு அந்த ஜூன் மாதம்கூட இல்லை. அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ரேஷன் கார்டில் போட்டிருப்பதுதான் அவள் வயது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் செலவில்லை. ஓர் ஆண்டு கடந்துவிட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றிருந்தது. சட்டம் இருந்தும், அந்தக் காகிதத்தால் வீட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டால் பல குடும்பங்களில் பதில் இருக்காது. பையனுக்காவது பள்ளி, உத்தியோகம் என்று ஒரு கணக்கு இருந்தது. பெண்ணுக்கு அதுவும் இல்லை.

1991 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 948 பெண் குழந்தைகள். சேலம் மாவட்டத்தில் 849. அடுத்த ஆண்டே ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தையும், பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தது. தொட்டில் பிரபலமாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பெண் குழந்தையின் பெயரில் அரசே வைப்புத்தொகை போடும் திட்டம் அது. ஹரியானாவிலும் 1994-ல் இதே யோசனை வந்தது. 2,500 ரூபாய்ப் பத்திரம், பெண்ணுக்கு 18 வயதாகும்போது 25,000. அதுவரை கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

நம் திட்டத்தின் தொகை 2011 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து உயர்ந்தது. ஒரே பெண் என்றால் 50,000. இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000. பணம் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் இருக்கும். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் வட்டிக் கணக்கு எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நிபந்தனைகள்தான் கடினம்.

அது தெரிந்தது 2012-ல். ஆதம்பாக்கம், ஆலந்தூர் நகராட்சியிலிருந்து சென்னை மாநகராட்சிக்கு மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு முந்தைய செப்டம்பரில் இரண்டாவதும் பெண். விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேரோட பிறப்புச் சான்றிதழும் வேணுமாம் சார். சின்னவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே போட்டுட்டாங்க. பெரியவ எங்கம்மா வீட்ல பொறந்தவ."

திண்டிவனம் பக்கத்துக் கிராமம். 2008-ல் பிறந்தவள். கிராம நிர்வாக அலுவலரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அதே வீட்டில் அவள் தம்பி மகன் பிறந்தபோது அந்த வாரமே பதிவாகியிருக்கிறது. "அவன் ஆம்பளப் புள்ள சார்" என்று அவளே சாதாரணமாகச் சொன்னாள்.

பதிவில்லை என்று ஒரு சான்று, அதை வைத்து நீதிமன்றத்தில் மனு, உத்தரவு, பிறகு பதிவு. நான்கு மாதம், பல நாள் கூலி. பணம் வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டாம் தடவை பஸ் ஏறியிருக்க மாட்டாள்.

அதைவிடப் பெரிய தடை வீட்டில் இருந்தது. ஆண் வாரிசு இருக்கக் கூடாது, தாய் தந்தையில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்பது விதி. மாமியார், பேரன் இல்லாமல் எப்படி என்று பத்து நாள் பேசவில்லை. புருஷன் தான் செய்துகொள்வதாக ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அவளே போய்ப் படுத்தாள். பெண் குழந்தையைக் காக்கும் திட்டம் அதன் தாயின் வயிற்றைக் கையெழுத்தாகக் கேட்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். என் மனைவி வேறு மாதிரி சொன்னாள்: "இல்லேன்னா பையன் பொறக்குற வரைக்கும் அவளை விடுவாங்களா?"

வைப்புத்தொகைப் பத்திரங்கள் வந்தபோது இரண்டையும் என்னிடமே கொடுத்து வைத்தாள்; வீட்டில் இருந்தால் அடகுக்குப் போய்விடுமாம். இளையவளுக்கு 2029-ல் 18 நிறையும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. பத்திரங்கள் என் அலமாரியில், மூத்தவளின் சான்றிதழ் நகலோடு இருக்கின்றன. எனக்கு வயதாகிறது என்று சாவி இருக்கும் இடத்தைப் போன மாதம்தான் அவளிடம் காட்டினேன்.